ஐம்பத்திரண்டில் இருபத்தேழு: கற்பித்தல் பயிற்சிக் காலத்து நிகழ்வு ஆய்வு ஒன்று

பின்னணி

ஆசிரியர் பயிற்சிப் படிப்பின் பகுதியாக ஒரு தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்பில் நான் பத்து வாரங்கள் கற்பித்தல் பயிற்சி மேற்கொண்டேன். வகுப்பில் 34 மாணவர்கள் இருந்தனர். முதல் இரண்டு வாரங்கள் பின்வரிசையில் அமர்ந்து உற்றுநோக்க வேண்டும், மூன்றாம் வாரத்திலிருந்து கணக்குப் பாடத்தை நானே நடத்த வேண்டும், ஏழாம் வாரத்தில் பயிற்சி நிறுவனத்து விரிவுரையாளர் ஒருவர் வந்து பாடம் ஒன்றைப் பார்த்து மதிப்பெண் அளிப்பார் என்பது ஏற்பாடு. வகுப்பாசிரியரே எனக்கு வழிகாட்டி ஆசிரியராகவும் இருந்தார். நீண்ட அனுபவம் உடையவர்; குறைவாகப் பேசுபவர்; என் பாடங்களின்போது ஒரு சிறிய குறிப்பேட்டில் ஏதாவது எழுதிக்கொண்டே இருப்பார்.

இங்கே பதிவு செய்வது அந்தப் பத்து வாரங்கள் முழுவதையும் அன்று. கழித்தலில் ஒரு மாணவி தொடர்ந்து செய்த தவறையும், அதை நான் என்னவென்று எடுத்துக்கொண்டேன் என்பதையும், அது தெரிந்த பிறகு எடுத்த முடிவுகளையும் மட்டுமே எழுதுகிறேன். யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை.

முதல் நான்கு வாரங்கள்

உற்றுநோக்கல் வாரங்களில் என் குறிப்பேட்டில் எழுதியவற்றை இப்போது படித்தால், ஏறக்குறைய எல்லாமே ஒழுங்கைப் பற்றியவையாக இருக்கின்றன. யார் பேசினார்கள், யார் இடத்தைவிட்டு எழுந்தார்கள், பாடவேளைக்குள் எத்தனை பக்கம் முடிந்தது என்று எழுதியிருக்கிறேனே தவிர, எந்தக் குழந்தை எதை எப்படிப் புரிந்துகொண்டது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ஆய்வுக்குரிய அந்த மாணவியைப் பற்றி இருந்தது ஒரே வரி: "அமைதியானவள், வேகமாக எழுதி முடிக்கிறாள், கவனம் போதாது." அந்தக் கடைசிச் சொல்லுக்கு நான் வைத்திருந்த ஆதாரம் அவளுடைய பழைய நோட்டில் கண்ட சிவப்புப் பெருக்கற்குறிகள் மட்டுமே.

நான்காம் வாரத்தில் ஈரிலக்க எண்களின் கழித்தலைத் தொடங்கினேன். கரும்பலகையில் இரண்டு நிரல்கள் வரைந்து, ஒன்றின் இடம், பத்தின் இடம் என்று எழுதி, முதலில் எளிய கணக்குகளைச் செய்து காட்டினேன். அப்போது, நினைவில் நிற்கட்டும் என்ற எண்ணத்தில், "பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும்" என்ற வாக்கியத்தைப் பலகையின் மேல்மூலையில் எழுதிக் கட்டமும் போட்டேன். மாணவர்கள் சேர்ந்து ஒப்பித்தார்கள். அன்றைய நாட்குறிப்பில் பாடம் நன்றாக அமைந்தது என்று எழுதியிருக்கிறேன்.

அந்த வார இறுதியில் பத்துக் கணக்குகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தேன். ஐந்து கணக்குகளில் கடன் வாங்கத் தேவையில்லை. மற்ற ஐந்தில் தேவை. அந்த மாணவி பத்துக்கு ஐந்து பெற்றாள். தாளின் மேல் "கவனமாகச் செய்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வழிகாட்டி ஆசிரியரின் கேள்வி

மதிப்பெண்களைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வழிகாட்டி ஆசிரியர் அவள் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு, "அஞ்சு தப்புன்னு போட்டிருக்கீங்க. அஞ்சும் எப்படித் தப்பாச்சுன்னு பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பார்த்தேன். 52 − 27 என்பதற்கு 35 என்று எழுதியிருந்தாள். 81 − 46 என்பதற்கு 45. 70 − 34 என்பதற்கு 44. 93 − 58 என்பதற்கு 45. 40 − 25 என்பதற்கு 25. கவனமில்லாத குழந்தையின் தவறுகள் இப்படி வரிசையாக நிற்பதில்லை. ஒவ்வொரு நிரலிலும், மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாராமல், பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருந்தாள். ஐந்திலும் அதே முறை. ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. கடன் வாங்கத் தேவையில்லாத ஐந்து கணக்குகளில் அந்த முறை சரியான விடையையே தரும் என்பதால் பாதி மதிப்பெண் கிடைத்திருந்தது. அந்தப் பாதி மதிப்பெண்ணைக் கண்டு நான் அரைக் கவனம் என்று முடிவு கட்டியிருந்தேன்.

இத்தகைய தவறுகளைப் பற்றி ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் ஆகிய இருவரும் 1978-ல் வெளியிட்ட ஆய்வைப் பயிற்சி வகுப்பில் படித்திருந்தேன். கணினி நிரலில் உள்ள வழு எப்படி ஒவ்வொரு முறையும் ஒரே வகைத் தவறான விடையைத் தருகிறதோ, அப்படியே குழந்தைகளின் கழித்தல் தவறுகளில் பலவும் ஓர் ஒழுங்கான, ஆனால் பிழையான, செய்முறையிலிருந்து பிறக்கின்றன என்பது அவர்கள் காட்டியது. தேர்வுக்காக அதை நன்றாகவே எழுதியிருந்தேன். என் கையிலிருந்த தாளில் அது நடந்துகொண்டிருந்தபோது எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை 34 தாள்களையும் விடை வாரியாகப் பிரித்து அடுக்கினேன். 16 பேர் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தார்கள். நான்கு பேர், மேல் இலக்கம் சிறியதாக இருந்த இடத்தில் "கழிக்க முடியாது" என்று 0 போட்டிருந்தார்கள். மீதி 14 பேரும் 52 − 27 என்பதற்கு 35 என்றே எழுதியிருந்தார்கள். அந்த 14 பேருக்கும் ஒரே குழப்பம் என்று எண்ணியது என் இரண்டாவது தவறு. 70 − 34 என்ற கணக்குக்கு வந்தபோது அந்த அடுக்கு இரண்டாகப் பிரிந்தது: ஒன்பது பேர் 44 என்றும், ஐந்து பேர் 46 என்றும் எழுதியிருந்தார்கள்.

46 எழுதியவர்கள் கடன் வாங்கியிருக்கிறார்கள்; பத்தில் நான்கு போக ஆறு என்று சரியாகவே செய்திருக்கிறார்கள்; ஆனால் பத்தின் இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்திருக்கிறார்கள். அப்படியானால் 52 − 27 கணக்கில் ஏன் இரு சாராருக்கும் ஒரே விடை? ஏழில் இரண்டு போனாலும் ஐந்து, பன்னிரண்டில் ஏழு போனாலும் ஐந்து. ஒன்றின் இடத்து இலக்கங்களின் வேறுபாடு ஐந்தாக இருக்கும்போதெல்லாம் இந்த இரண்டு தவறான முறைகளும் ஒரே விடையில் வந்து சேரும். நான் அமைத்த ஐந்து கணக்குகளில் நான்கு அப்படி அமைந்துவிட்டன. எண்களை மனம்போன போக்கில் எழுதியதன் விளைவு அது. தவறிவிட்டார்கள் என்பதைச் சொன்ன தாள், எங்கே தவறினார்கள் என்பதைக் கிட்டத்தட்ட மறைத்துவிட்டது.

மாணவியுடன் பேசியது

ஐந்தாம் வாரத் தொடக்கத்தில், இடைவேளைக்குச் சற்று முன், அவளைத் தனியே அழைத்து 62 − 28 என்ற கணக்கைக் கொடுத்து, செய்யும்போதே வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டேன். இந்தக் கணக்கை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன்: அவள் முறைப்படி 46 வரும், குறைக்க மறந்தால் 44 வரும், சரியான விடை 34. திருத்துவதில்லை, குறுக்கிடுவதில்லை என்றும் முடிவு செய்திருந்தேன்.

குறுக்கிடாமல் இருப்பது எனக்கு எளிதாக இல்லை. அதற்கு முந்தைய வாரம்தான் வழிகாட்டி ஆசிரியர் தம் குறிப்பேட்டைக் காட்டியிருந்தார். என் கேள்விக்கும், பதில் வராதபோது நானே மறுபடி பேசத் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்திருந்தார். பெரும்பாலும் ஒரு விநாடி. மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளில் கண்டதும் ஏறத்தாழ இதே அளவைத்தான். மூன்று விநாடியோ அதற்கு மேலோ ஆசிரியர் காத்திருந்தபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் இருப்பது குறைந்தது என்பது அவர் முடிவு. மூன்று விநாடி என்பது தாளில் படிக்கும்போது ஒன்றுமில்லை. 34 பேர் பார்த்துக்கொண்டிருக்க, எதுவும் பேசாமல் நின்று பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும்.

மாணவி பென்சில் முனையால் முதலில் எட்டையும் பிறகு இரண்டையும் தொட்டு, "எட்டுல ரெண்டு போனா ஆறு" என்றாள். ஆறு என்று எழுதினாள். எட்டு கீழே இருக்கிறதே என்று நான் கேட்டபோது பதில் சொல்லாமல் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். நான் காத்திருந்தேன். மேல்மூலைக் கட்டத்தைக் காட்டி, "பெருசுலேர்ந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு நீங்கதானே எழுதிப் போட்டீங்க, டீச்சர்?" என்றாள்.

குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. விதியை நான் மறந்துவிட்டேனோ என்ற ஐயம்தான் இருந்தது. நான் முழு எண்ணை நினைத்துச் சொன்ன விதியை அவள் ஒவ்வோர் இலக்கத்துக்கும் பொருத்தியிருந்தாள். ஓர் இலக்கத்தை எண் என்று எட்டு வயதுக் குழந்தை எடுத்துக்கொள்வதில் பிழை ஒன்றுமில்லை. எதிர்ம எண்களைக் கற்கும் வகுப்புக்குப் போனதும் அந்த விதி முழு எண்ணுக்கும் பொய்யாகிவிடும் என்பதையும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. கவனம் போதாது என்று நான் எழுதிய குழந்தை, அந்த வகுப்பில் என் சொல்லை மிகக் கவனமாகப் பின்பற்றியவர்களில் ஒருத்தி.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

அன்று பிற்பகலே பலகையில் இருந்த வாக்கியத்தை, அது ஏன் போதாது என்று வகுப்புக்குச் சொல்லிவிட்டு அழித்தேன். சொல்லாமல் அழித்திருக்கலாம்; ஆனால் நோட்டில் எழுதி வைத்தவர்களிடம் அது அப்படியே இருந்துவிடும்.

அடுத்து, பாடத்திட்டப்படி அந்த வாரம் மூவிலக்கக் கழித்தலுக்குப் போக வேண்டியதை ஒத்திவைத்து, குச்சிக்கட்டுகளுக்குத் திரும்ப முடிவு செய்தேன். வழிகாட்டி ஆசிரியர் ஒப்புக்கொண்டாலும், ஏழாம் வார மதிப்பீட்டுப் பாடத்துக்கு நான் முன்பே அனுப்பியிருந்த பாடக்குறிப்பு மாறிவிடும் என்று நினைவூட்டினார். மதிப்பெண்ணைப் பற்றிய கவலை எனக்கு இருந்தது. இருந்தும், 34 பேரில் 18 பேருக்கு ஈரிலக்கத்திலேயே தெளிவில்லாதபோது மூன்றாம் இலக்கத்தைச் சேர்ப்பது தவறை ஒரு நிரல் நீட்டுவதாக மட்டுமே அமையும் என்பதால் மாற்றினேன்.

மூன்றாவது முடிவு சொல்லைப் பற்றியது. "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று நான் சொல்லிவந்ததைக் கேட்ட ஒரு மாணவன், "எப்போ திருப்பிக் குடுக்கணும், டீச்சர்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது, எனக்குச் சொல்ல விடை இருக்கவில்லை. கடன் என்றால் திருப்பித் தருவது என்பது குழந்தைக்கும் தெரியும். இங்கே யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக வைத்துக்கொள்கிறோம். அதனால் "கட்டைப் பிரி" என்ற சொல்லுக்கு மாறினேன்.

குச்சிக்கட்டுப் பாடங்கள்

முதல் நாள் பாடம் சரியாக நடக்கவில்லை. பத்துக் குச்சிகளை ரப்பர் பேண்டால் கட்டி இருவருக்கு ஒரு தொகுதியாகக் கொடுத்தேன். கட்டைப் பிரிக்கச் சொன்ன கணத்தில் ரப்பர் பேண்டுகள் அறை முழுவதும் பறக்கத் தொடங்கின; கால் மணி நேரம் அவற்றைப் பொறுக்குவதில் கழிந்தது. மறுநாள் பிரித்த ரப்பர் பேண்டை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி செய்தோம். அது இன்னொரு வகையில் உதவியது: மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டு இருந்தால் ஒரு பத்து குறைந்திருக்கிறது என்று குறைக்க மறந்த ஐவருக்கும் கண்ணால் காட்ட முடிந்தது. நான் திட்டமிட்டது அன்று அது.

ஐந்து கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் வைத்து, 27-ஐ எடுக்கச் சொன்னேன். ஆய்வுக்குரிய மாணவி இரண்டு கட்டுகளை எடுத்தாள். உதிரியில் ஏழு எடுக்க முடியாமல் நின்றாள். யாரும் சொல்லாமலே ஒரு கட்டைப் பிரித்தாள். விடை 25. பக்கத்திலேயே நோட்டில் அதே கணக்கைச் செய்யச் சொன்னபோது 35 என்று எழுதினாள். குச்சியில் 25, தாளில் 35. இரண்டும் அருகருகே இருந்தன, அவளுக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. குச்சி ஒரு விளையாட்டு, கணக்கு வேறு என்று அவள் வைத்திருந்தாள் போலும்.

துணைக்கருவியைக் கையில் கொடுத்தாலே புரிந்துவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். அன்றிலிருந்து முறையை மாற்றினோம். இருவரில் ஒருவர் குச்சியை நகர்த்த வேண்டும். அந்த அசைவு முடிந்த உடனே மற்றவர் அதற்குரிய குறியைத் தாளில் போட வேண்டும். அடுத்த அசைவு அதற்குப் பிறகுதான். கட்டைப் பிரித்தால் ஐந்தை அடித்து நான்கு. உதிரி சேர்ந்தால் இரண்டை அடித்துப் பன்னிரண்டு. பிறகு இருவரும் இடம் மாற வேண்டும். ஒரு பாடவேளையில் நான்கு கணக்குகளுக்கு மேல் முடியவில்லை. கூடவே, விடையைக் கழித்த எண்ணோடு கூட்டிப் பார்க்கும் வழக்கத்தையும் தொடங்கினேன். 35-ஐயும் 27-ஐயும் கூட்டி 62 என்று கண்டபோது அந்த மாணவி மேலே இருந்த 52-ஐ விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் விடையை அழித்தாள்.

மதிப்பீட்டுப் பாடமும் ஒரு பிழையும்

விரிவுரையாளர் வந்த அன்றும் இதே முறையில்தான் பாடம் நடந்தது. பாடக்குறிப்பில் எழுதிய தொகுத்தலும் வீட்டுப்பாடமும் நடைபெறும் முன்பே மணி அடித்துவிட்டது. நேர மேலாண்மை போதாது, வகுப்பில் ஓசை அதிகம் என்று அவர் குறித்தார். எதிர்பார்த்ததைவிடக் குறைவான மதிப்பெண் கிடைத்தது. முதல் குறிப்பு நியாயமானது என்றே இப்போதும் கருதுகிறேன். ஓசையைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு.

அதைவிட என்னை உறுத்திய நிகழ்வு அதே வாரத்தில் நடந்தது. ஒரு மாணவன் 52 − 27 கணக்கில் ஐந்தை அடிக்காமல், கீழே இருந்த 2-ஐ 3 ஆக்கி, ஐந்தில் மூன்று போக இரண்டு என்று எழுதி 25 என்ற விடைக்கு வந்தான். நான் அவசரத்தில் "இது தப்பு, கீழ் எண்ணை மாற்றக் கூடாது" என்று அடித்துவிட்டேன். தாத்தா சொல்லித் தந்ததாக அவன் சொன்ன பிறகுதான் யோசித்தேன். மேல் எண்ணில் பத்து ஒன்றுகளைச் சேர்த்து, கீழ் எண்ணில் ஒரு பத்தைச் சேர்த்தால் வேறுபாடு மாறுவதில்லை. இது பழைய தலைமுறையினர் பலர் கற்ற, முற்றிலும் சரியான முறை. கடனைத் திருப்பித் தருவது என்ற பேச்சுக்கு இந்த முறையில்தான் பொருள் இருக்கிறது. மறுநாள் அவன் நோட்டில் என் பெருக்கற்குறியை நானே அடித்து, "சரி" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். விடையை மட்டும் பார்த்து ஒருத்தியை மதிப்பிட்டவள், இம்முறை வழியை மட்டும் பார்த்து ஒருவனைத் தவறு என்றேன். இரண்டிலும் நான் அவர்களைக் கேட்கவில்லை.

பயிற்சி முடிந்தபோது இருந்த நிலை

எட்டாம் வார இறுதியில், இலக்க வேறுபாடு ஐந்தாக அமையாத கணக்குகளை மட்டும் கொண்ட ஒரு புதிய தாளைக் கொடுத்தேன். ஒன்பது பேரில் ஆறு பேர் பழைய முறையைக் கைவிட்டிருந்தார்கள். அந்த மாணவியும் அவர்களுள் ஒருத்தி. குறைக்க மறந்த ஐவரில் நால்வர் சரிசெய்துகொண்டார்கள். 0 எழுதிய நால்வருக்கு நான் போதிய நேரம் ஒதுக்கவில்லை; அவர்களில் இருவர் அதே நிலையில்தான் இருந்தார்கள்.

இதை வெற்றி என்று எழுதி முடித்துவிட முடியாது. பத்தாம் வாரத்தில் மூவிலக்கத்துக்குப் போனோம். 300 − 148 என்ற கணக்கில் ஒன்றின் இடத்திலும் பூஜ்யம், பத்தின் இடத்திலும் பூஜ்யம்; பிரிக்கப் பக்கத்தில் கட்டே இல்லை. மாணவி சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 248 என்று எழுதினாள். பழைய முறை அழியவில்லை. வழி தெரியாத இடத்தில் திரும்பி வந்துவிட்டது. ஆனால் இம்முறை அவளாகவே ஓரத்தில் 248-ஐயும் 148-ஐயும் கூட்டினாள். 396 வந்தது. "முந்நூறு வரல, டீச்சர்" என்று நோட்டைத் தூக்கிக் காட்டினாள். அதற்கு மேல் செய்ய அவளுக்குத் தெரியவில்லை. அன்றோடு என் பயிற்சியும் முடிந்தது.

அடுத்த முறை மாற்றுவன

டொனால்ட் ஷோன் 1983-ல் செயலின்போதே சிந்திப்பது, செயலுக்குப் பின் சிந்திப்பது என்று இரண்டைப் பிரித்துக் காட்டினார். என் நாட்குறிப்பில் இரண்டாவது வகை நிறைய உண்டு. அதுவும் பாடம் எப்படி அமைந்தது என்பதைப் பற்றியே, அதாவது என்னைப் பற்றியே. இனி உற்றுநோக்கல் காலத்தில் ஒழுங்கைப் பற்றிய குறிப்புகளைக் குறைத்து, நாளுக்கு இரண்டு குழந்தைகளின் நோட்டுகளை எடுத்து, தவறான விடை எந்த வழியில் வந்திருக்கும் என்று கண்டுபிடித்து எழுத எண்ணுகிறேன். வினாத்தாளைக் கொடுக்கும் முன், தெரிந்த தவறான முறைகள் ஒவ்வொன்றாலும் நானே ஒருமுறை அதைச் செய்து பார்ப்பேன். இரண்டு முறைகள் ஒரே விடையைத் தந்தால் அந்தக் கணக்கை மாற்றுவேன். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. பலகையில் கட்டம் போட்டு எழுதும் வாக்கியம் எதுவாக இருந்தாலும் அதை அப்படியே, சொல்லுக்குச் சொல், பின்பற்றினால் என்னவாகும் என்று முதலில் பார்ப்பேன். 0 எழுதிய நால்வரை எண்ணிக்கை குறைவு என்பதால் பின்னுக்குத் தள்ளியது என் தீர்மானம். அதற்குக் காரணம் சொல்லலாமே தவிர நியாயம் சொல்ல முடியவில்லை.

கடைசி நாளில் வழிகாட்டி ஆசிரியரிடம் ஒரு பக்கக் குறிப்பை ஒப்படைத்தேன். எந்தெந்த மாணவர் எந்த முறையில் தவறுகிறார், எந்தக் கணக்கில் அது வெளிப்படும் என்பவை அதில் இருந்தன. அந்த மாணவியின் நோட்டில் 300 − 148 கணக்குக்கு நான் சரி என்றோ தவறு என்றோ எதுவும் போடவில்லை என்றும், நூறு குச்சிகள் கொண்ட பெரிய கட்டுகள் மூன்றை அலமாரியின் கீழ்த்தட்டில் கட்டி வைத்திருக்கிறேன் என்றும் அதன் இறுதியில் எழுதியிருந்தேன்.